கோட்டுக்குள் இருந்த கைகள்

ஈரத்துணியை மடித்து, தம்பியின் பெருவிரல் நகத்தை மறுபடி தேய்த்தாள் ஜெனிதா. நகத்தடியில் அப்பியிருந்த நீலம் அசையவில்லை. சவப்பெட்டிக்குள் யூலியன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கிடந்தான். உயிரோடு இருந்தவரை அவனைக் கோட்டுக்குள் நுழைக்க ஒருவராலும் முடிந்ததில்லை.

“உதென்ன நகத்துக்குள்ள?” என்றார் அப்பா சூசைரட்ணம்.

“பெயின்ற்.”

“துடை. சனம் வரப்போகுது.”

“போகுதில்லை அப்பா.”

“போகுதில்லையோ, நீ போக விடுறாயில்லையோ?”

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. யூலியன் பொறியியல் படிப்பை எப்போதோ விட்டிருந்தான். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றினான். மிச்ச நேரமெல்லாம் ஹொல்ம்லியா வீட்டு நிலவறையில் படம் கீறினான். அப்பாவுக்கு இது தெரியாமலில்லை. ஆனாலும் பனியில் சைக்கிள் வழுக்கி, பின்மண்டை அடிபட்டுச் செத்தவனுக்கு அவர் கொடுத்த மரண அறிவித்தலில் ‘பொறியியல் பீட மாணவன்’ என்றே இருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மனிதர் அதைத் தேடியே ஓய்ந்துபோனார்.

ஜெனிதா நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் படங்களை விளக்குகிறவள். அங்கே இருநூறு வருடத்துப் பழைய நீர்வண்ணச் சித்திரம் ஒன்று இருக்கிறது. ஓவியனாக ஆசைப்பட்ட ஓர் இளைஞன். கலைந்த தலை, உயர்ந்த கொலர், எங்கோ தூரத்தில் பார்வை. “கண்ணைப் பாருங்கள், அந்தக் காலத்து ஏக்கம் முழுவதும் அதில் இருக்கிறது” என்றுதான் அவள் வருகிறவர்களுக்குச் சொல்வாள். ஒருநாள் வேலை உடுப்போடு வந்து கூட்டத்தின் பின்னால் நின்ற யூலியன், எல்லோரும் போனபிறகு கிட்ட வந்தான்.

“கண்ணை விடக்கா. கையைப் பார். ரெண்டையும் ஏன் கோட்டுக்குள்ள வைச்சிருக்கிறான்? படம் கீறிறவனுக்குக் கையெல்லோ முதல்?”

“அந்தக் காலத்து ஸ்டைல் அது.”

“ஸ்டைலோ! காசு குடுத்துக் கீறுவிச்சது தேப்பனாயிருக்கும். ஊத்தைக் கை, உள்ள வையடா எண்டிருப்பார்.”

“ஆதாரம் இருக்கோ? வாய்க்கு வந்தமாதிரி விளக்கம் சொல்லக்கூடாது.”

யூலியன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். படித்த திமிரில்தான் அப்படிக் கேட்டோம் என்பது அவளுக்கு இப்போது உறைத்தது.

“இனித் துடைக்கேலாதப்பா. இது அவன்ர கை. இப்பிடியே கிடக்கட்டும்” என்றாள், துணியைக் கீழே வைத்து.

அப்பா சண்டை பிடிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு சோடி வெள்ளைக் கையுறையை எடுத்தார். வேதக்காரச் சவத்துக்குக் கையுறை போட்டுச் செபமாலை சுற்றுவது ஊர்வழக்கம். ஒஸ்லோவுக்கு வந்தும் யாரும் அதை விடவில்லை. படத்தில் இல்லாத அந்தத் தகப்பனுக்கும் அப்பாவின் இந்த முகம்தான் இருந்திருக்கும் என்று பட்டது.

விறைத்த விரல்களில் கையுறை ஏறவில்லை. அப்பா அழுதுகொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

“பிடி பிள்ளை,” என்றார்.

வெளியே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தமும், யாரோ ஒரு மாமியின் ஒப்பாரியும் கேட்டன. ஜெனிதா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொடுத்தாள். சின்னவிரல் மட்டும் மடங்கிக்கொண்டு உள்ளே போக மாட்டேனென்றது. அதை அவளே நிமிர்த்தி, கையுறையை நுனிவரை இழுத்துவிட்டாள்.