ரெடிமேட் பெட்டிக்கு ஒரு ஆல்ட்டரேஷன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சொன்ன தேதிக்கு ஒரு துணியும் தைத்துக் கொடுத்தறியாத தையல்காரி ஒருத்தி, சொன்ன நேரத்துக்கு ஒரே ஓர் இடத்துக்குப் போய்ச் சேர என்ன பாடுபட்டாள் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

சாவி வெட்டும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் ஒற்றை அறை, அதுதான் அவள் கடை. கைச்சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. துணி நைந்து போனாலும் அவள் போட்ட தையல் பிரியாது. தேதி என்று வந்தால் மட்டும் தடுமாறிப்போவாள். "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பாள். அந்தத் துணியை அப்போது வெட்டியே இருக்க மாட்டாள். ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் இல்லை. எதிரே நிற்பவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காது அவளுக்கு. அந்த நிமிஷத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. பள்ளிக்கூட நாளில் இருவரும் டேபிள் டென்னிஸில் ஜோடி. அக்கா இடக்கை, தங்கை வலக்கை. மேஜையின் எந்த மூலையில் பந்து விழுந்தாலும் ஒரு கை அங்கே இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவனின் வேலைக்காகத் தங்கை எங்கோ தூரத்து ஊருக்குக் கிளம்பினாள். பதினோரு மணி ரயில். ஒரு கோட்டின் கடைசிப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து முடித்துவிட்டே போகலாம் என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைக்க நிலையத்துக்குள் ஓடியபோது அவள் கண்ணில் பட்டது ரயிலின் முதுகுதான்.

தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அக்காவை அறுத்தது. முன்பெல்லாம் சட்டையில் மை பட்டால்கூட ஓடிவந்து சொல்கிறவள், அதன் பிறகு போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை தங்கையிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே ஒரு விஆர் கண்ணாடி. தலையில் மாட்டிக்கொண்டால் நம் வீடு மறைந்து வேறொரு இடம் கண்முன் வந்து நிற்கும். தூரதூரத்தில் இருப்பவர்கள் எல்லாம் அங்கே கூடி விளையாடலாம். தங்கை தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அனுப்பியிருந்தாள். பழையது கம்ப்யூட்டரோடு வயர் போட்டு மாட்டினால்தான் வேலை செய்யும். பார்சல் கிடைத்ததும் தங்கையே போனில் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு டேபிள் டென்னிஸ் டபுள்ஸ் இருக்குக்கா. ஜோடியாத்தான் சேத்துக்குவாங்க. எனக்கு இங்க ஆள் இல்ல. வர்றியா?"

மூன்று வருஷத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான். அக்கா வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. 'நாளைக்கு வாங்க' என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வருமோ, அவ்வளவு சுலபமாக வந்திருந்தது அந்த 'வர்றேன்'.

அளவு நோட்டை ஏற்றி வைக்கவென்று பெரிய கடையில் வாங்கிய ரெடிமேட் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. வேன் ஓட்டும் அவள் கணவர் கண்ணாடியை அதில் செருகினார். இந்தக் கம்ப்யூட்டருக்குப் படம் காட்டும் சக்தி போதாது என்று திரையில் எழுத்து வந்தது. "உன் அளவு நோட்டைத் திறக்கவே இதுக்கு மூச்சு வாங்குது, இது எங்க பந்து அடிக்கப்போகுது" என்றார் அவர். அந்தச் சக்தியைத் தருகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று விசாரித்து அறிந்தார்கள். அவருடைய நண்பரிடமிருந்து பழைய கார்டு ஒன்று கைக்கு வந்தது. நீளம் முப்பத்தோரு சென்டிமீட்டர். தையல்காரி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை முன்னிருந்து பின்னாக அளந்தாள். முப்பத்தொன்பது. உடம்போடு ஒட்டாமல் தாராளமாக நிற்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை பெட்டியையும் கார்டையும் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த ரிப்பேர்க்காரரிடம் போனாள். மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைகிற கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கிற மனிதர். பெட்டியைத் திறந்து கார்டை உள்ளே காட்டினார். நாலு விரல்கடை இடித்தது. ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரக் கூண்டு குறுக்கே நின்றது.

"எங்கம்மா அளந்தீங்க?"

"வெளியிலதான்."

"வெளியில அளந்தா எப்படி?"

"முப்பது வருஷமா எல்லாரையும் வெளியிலதாண்ணே அளக்கிறேன். உள்ள அளக்க யார் விடுவாங்க?"

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். ரெடிமேட் பெட்டி அப்படித்தான், உள்ளே ஒரு நூல் இடம் கூட விட்டிருக்க மாட்டார்கள். மின்சாரம் தருகிற பவர் சப்ளையும் இருக்கிற பாகங்களுக்குத்தான் காணும், இந்தக் கார்டுக்குத் தாங்காது. அதை மாற்றலாம் என்றால் கம்பெனி தனக்கென்று வேறு வடிவத்தில் பிளக் வைத்திருக்கிறது, நடுவில் ஓர் இணைப்பு வயர் போட்டாக வேண்டும். தையல்காரிக்கு இது சட்டென்று பிடிபட்டது. ரெடிமேட் சட்டையைப் பெரிதாக்கித் தரச்சொல்லி வருகிறவர்களிடம் அவளும் இதையேதான் சொல்வாள், உள்ளே மடித்து விட்ட துணி இருந்தால்தானே பிரித்து விட.

முடியுமா முடியாதா என்று கேட்டாள். வயரும் பவர் சப்ளையும் கையிருப்பில் இருக்கிறது, நாளைக்கு வந்தால் முடிந்திருக்கும் என்றார்.

வியாழக்கிழமை போனாள். ஒரே ஒரு ஸ்க்ரூதான் பாக்கி, சாயங்காலம் வரச்சொன்னார். சாயங்காலம் போனால் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போனாள். மறுபடி அந்த ஒரு ஸ்க்ரூ. அவள் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். புதன்கிழமை அவள் தூக்கி வைத்தபோது பதிந்த விரல் தடம் பெட்டியின் தூசியில் அப்படியே இருந்தது. அந்த வார்த்தை, அந்தச் சிரிப்பு, அந்தத் தலையாட்டல் எல்லாமே அவளுடைய சொந்தச் சரக்கு. அவளிடமே விலைபோகுமா?

"அண்ணே, அதை நீங்க இன்னும் தொடவே இல்ல."

அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். "என் பேண்ட்டை நீங்க தொட்டீங்களா? மூணு வாரம் ஆச்சு. பட்டன் மட்டும்தான் பாக்கின்னு சொன்னீங்க."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. இஸ்திரி மேஜை மேல் மற்றத் துணிகளுக்கு அடியில் கிடக்கும் சாம்பல் நிறப் பேண்ட் ஞாபகம் வந்தது. கடையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்து, ரயில் போனதையும் தங்கை வாய் மூடிக்கொண்டதையும் நாளைக்கு நாலு மணி ஆட்டத்தையும் அவரிடம் சொன்னாள். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போய் என் பேண்ட்டை எடுத்துட்டு வாங்க," என்றார் கடைசியில். "இங்கயே உட்காந்து தைங்க. நான் இதைப் பிரிக்கிறேன். முடியற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திருக்கக் கூடாது."

அப்படியே ஆயிற்று. அவர் கூண்டின் ரிவெட்டுகளைத் துளைபோட்டுக் கழற்றினார். தகரத் தூள் மதர்போர்டில் விழாமல் இருக்க அவள் தன் பையிலிருந்து ஒட்டுத்துணி எடுத்துப் போர்த்தினாள். ஹார்ட் டிஸ்க் பெட்டியின் தரைக்கு இறங்கியது. புதுப் பவர் சப்ளை ஏறியது, இணைப்பு வயரும் கோத்தாயிற்று. அவள் ஜிப் வைத்து, கால் மடிப்பை ஊசியால் தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, இது தையல் கடையா ரிப்பேர் கடையா என்று கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்தால் அவருக்கும் ஒரு பட்டன் வைத்துத் தருவதாக ரிப்பேர்க்காரர் சொன்னார்.

வெயில் சாய்வதற்குள் கார்டு உள்ளே உட்கார்ந்து, அதன் விசிறிகள் சுழன்றன. பேண்ட்டும் முடிந்தது. ஆனால் கார்டின் மேல் நிமிர்ந்து நின்ற வயர் இடித்ததால் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு மூடவில்லை. திறந்தே இருக்கட்டும், காற்று போகும் என்றார். தையல்காரி வீட்டில் ஒன்று உடுப்பில்லாமல் நிற்பதாவது? சனிக்கிழமை காலையில் மெல்லிய வலைத்துணியில் நாடா வைத்துத் தைத்து அதற்கு மாட்டிவிட்டாள்.

இரண்டரை மணிக்குக் கடையைச் சாத்தும் நேரம் பார்த்து ஓர் அம்மாள் கவுன் கேட்டு வந்து நின்றாள். தையல்காரியின் வாயில் அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"இன்னைக்கும் முடியாதும்மா, நாளைக்கும் முடியாது. இன்னும் வெட்டவே இல்ல. புதன்கிழமை வாங்க."

சண்டை போடத் தயாராக வந்த அந்த அம்மாள் புதன்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரி என்று போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தையல்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வீடு மறைந்தது. நீளமான கூடம், நடுவில் பச்சை மேஜை. உருண்டைத் தலையும் இரண்டு கைகளும் மட்டுமாக ஓர் உருவம் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றது. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. இவளைப் பார்த்ததும் அதன் கையிலிருந்து மட்டை நழுவியது.

"வந்துட்டியாக்கா?"

"வர்றேன்னு சொன்னேனே. மத்தவங்க எங்கடி?"

தங்கை குனிந்து மட்டையை எடுத்தாள். பிறகு, ஆட்டம் அஞ்சு மணிக்குத்தான் என்றாள். நாலு என்று சொன்னால்தான் அஞ்சுக்காவது அக்கா வந்து சேருவாள் என்று நினைத்தாளாம். அக்காவுக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொள்ள அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

"அப்ப நீ ஏன் இப்பவே வந்து நிக்கிறே?"

"ஒருவேளை நீ நேரத்துக்கே வந்துட்டா? நான் இல்லாம நீ மட்டும் நிப்பியேன்னுதான்."

அக்கா இடக்கையால் பந்தைத் தட்டினாள். தங்கை திருப்பினாள். பத்துத் தட்டு ஆயிற்று, இருபது ஆயிற்று. பந்து போய் வந்துகொண்டிருக்கையில் தங்கை மெல்ல ஆரம்பித்தாள். கணவன் வேலைக்குப் போனால் மறுநாள்தான் வருவான். அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. சில நாள் யாரிடமாவது வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே காய்கறிக் கடைக்குப் போய், வாங்காத காய்க்கு விலை கேட்டு நிற்பாள். அக்கா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை, பந்தை மட்டும் கீழே விழவிடவில்லை. கண்ணாடிக்குள் ஈரம் கட்டி மேஜை மங்கியது. ஒரு கையால் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அஞ்சு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அக்காவும் தங்கையும் படுதோல்வி. அதிலும் அக்கா ஒரு பந்தைப் பாய்ந்து அடித்து நிஜ அலமாரியில் முழங்கையை இடித்துக்கொண்டாள். பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர், அலமாரிக்கு ஒரு பாயிண்ட் என்று அறிவித்தார். அதைக் கேட்டுத் தங்கை சிரித்த சிரிப்பில் எதிர் ஜோடி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

விடைபெறும்போது தங்கை சொன்னாள்:

"அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணிக்குக்கா. நெஜமாவே அஞ்சு மணிதான்."

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பும் பேச்சும் அணையாமல் இருக்கட்டும். வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் நல்லபடியாக வந்து சேரட்டும். தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் மனசு விட்டுப் பேச ஓர் ஆள் கிடைக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.