ஆறுக்குப் பூஜ்யம்

ஆறு சோதனை ஓட்டங்களிலும் ரேடார்தான் எதிரி விமானத்தை முதலில் பார்த்திருந்தது. புதன்கிழமை காலை அவள் ரேடார் பிரிவு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, வெள்ளைப் பலகையில் யாரோ பெரிதாக 6–0 என்று எழுதி, பக்கத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்ட பொம்மை ஒன்றையும் வரைந்து வைத்திருந்தார்கள்.

"பாவம், மௌனசாமிங்க. வெள்ளிக்கிழமையோட கடையக் கட்ட வேண்டியதுதான்," என்றான் பக்கத்து மேசைக்காரன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்க வீட்டுக்காரரச் சொல்லலைங்க. பொதுவா சொன்னேன்."

மௌனசாமிகள் என்பது எதிர்க் கட்டடத்தில் இருந்த வெப்ப சென்சார் பிரிவுக்கு இவர்கள் வைத்த பெயர். அவர்கள் பதிலுக்கு ரேடார்காரர்களைக் கூவுற கூட்டம் என்பார்கள். இரண்டும் பொருத்தமான பெயர்கள்தான். ரேடார் அலையை வீசி, அது மோதித் திரும்புவதைக் கேட்கும். எவ்வளவு தூரம், என்ன வேகம் எல்லாம் சொல்லிவிடும், மேகத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் கூவுகிறவன் இருக்குமிடம் எதிரிக்கும் தெரிந்துவிடும். சென்சார் எதையும் வீசாது. எதிரி விமானத்தின் சூட்டைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது, மேகம் குறுக்கே வந்தால் குருடு. ஆனாலும் அது பார்ப்பது யாருக்கும் தெரியாது.

புதிய போர் விமானத்தில் ரேடார் இருக்கப் போவது நிச்சயம். சென்சாரும் வேண்டுமா என்பதுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் கேள்வி. வேண்டாம் என்று முடிவானால் அந்தப் பிரிவையே கலைத்துவிடுவார்கள். அவள் கணவனை ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய விமானத் தளத்துக்குப் பராமரிப்பு வேலைக்கு அனுப்புவார்கள். அவளுக்கு இது ஐந்தாவது மாதம்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. கல்யாணமான புதிதில் இருவரும் சாப்பாட்டைக் கூட மறந்து ரேடாரா சென்சாரா என்று மல்லுக்கு நின்றதைப் பார்த்து, அத்தை ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஆபீஸ் பேச்செல்லாம் வாசலில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டோடு நின்றுவிட வேண்டும். இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து வார்டுகளை ஆட்டிவைத்தவள் போட்ட சட்டத்தை மீற இருவருக்கும் தைரியமில்லை.

அன்று காலைகூட அத்தைதான் சமையலறையில் கேட்டாள். "ஏம்மா, அவன் எதுக்கு ஏதோ விமானத் தளம் இருக்கிற ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு போன்ல விசாரிச்சுட்டிருக்கான்?"

"தெரியலையே அத்தை," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இரண்டு பிரிவுகளின் தாள்களையும் சேர்த்து அறிக்கைக்கு ஒரே அட்டவணை தயாரிப்பது அவள் வேலை. எண்களை மட்டும் எடுத்து எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் மூன்றாவது ஓட்டத்தில் வானம் சுத்தமாக இருந்தது, எதிரி வேடத்தில் பறந்த விமானம் முதுகைக் காட்டிக்கொண்டு போயிருந்தது. எரியும் வால் முழுக்க சென்சாரின் கண்ணெதிரே. அதிலும் எப்படித் தோற்றது? அவள் பதிவையே திறந்து ஓட்டிப் பார்த்தாள்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. ரேடார் பிரிவில் திரையில் ஒரு புள்ளி விழுந்த நொடியையே 'பார்த்த நேரம்' என்று குறிப்பார்கள். காலங்காலமான பழக்கம். எதிர்க் கட்டடத்தில் அப்படி இல்லை. வெயில் பட்ட மேக விளிம்புகூடச் சூடாகத் தெரிந்து அவர்களைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. அதனால் தொடர்ந்து ஐந்து முறை அதே இடத்தில் தெரிந்தால்தான் பார்த்ததாக எழுதுவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் தாளை மற்றவர் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் பதிவை நிறுத்தினாள். சொல்லாவிட்டால் அவன் பஸ் ஏறுவான். சொன்னால், புருஷனுக்காகக் கணக்கை மாற்றினாள் என்று இந்த வளாகமே பேசும். பன்னிரண்டு வருடமாக இந்த ரேடாரைத் தோளில் சுமந்த பிரிவுத் தலைவர் எப்படி எடுத்துக்கொள்வார்? எல்லோரும் அவரை ரேடார் அப்பா என்பார்கள். அவளை வேலைக்கு எடுத்ததும் அவர்தான்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அவர் அறைக்குள் போய் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இத வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல சார்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"எங்க வீட்ல ஆபீஸ் பேச்சு கிடையாது சார்."

"நல்ல வீடு." அவர் சிரிக்கவில்லை. "ஊரு என்ன பேசும்னு யோசிச்சியா? புருஷனக் காப்பாத்த இவ எங்க தலையில கல்லத் தூக்கிப் போட்டான்னு பேசும்."

"யோசிச்சேன் சார். அதனாலதான் நான் எண்ண மாட்டேன். ரெண்டு பக்கமும் அஞ்சு தடவைன்னு வெச்சு நீங்களே எண்ணுங்க. மறுபடியும் ஆறுக்குப் பூஜ்யம்னு வந்தா, நானே அட்டவணையில எழுதித் தர்றேன்."

"வராதுன்னு உனக்குத் தெரியும்."

"மூணாவது ஓட்டம் மட்டும்தான் சார் பாத்தேன்."

அவர் கதவைக் காட்டினார். மதியம் முழுக்க அந்தக் கதவு மூடியே இருந்தது. வியாழக்கிழமையும். அவருடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் ஜன்னலோரம் இருந்ததைக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். அவளுடையதும் திறக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பிரிவுகளும் வந்திருந்தன. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கணவன், வீட்டுச் சட்டம் இங்கேயும் செல்லும் என்பதுபோல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேடார் அப்பா எழுந்து ஒரே ஒரு தாளைத் திரையில் காட்டினார். நாலுக்கு ரெண்டு. நேரெதிரே வந்த விமானங்களையும், மேகத்துக்குப் பின்னால் வந்தவற்றையும் ரேடார் முந்திப் பார்த்திருந்தது. வானம் சுத்தமாக இருந்து, எதிரி வாலைக் காட்டிய இரண்டு ஓட்டங்களில் சென்சார் முந்தியிருந்தது.

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "சென்சார்காரர் சம்சாரம் போட்ட கணக்கா?" என்று ஒரு குரல், எல்லோர் காதிலும் விழுகிற அளவு மெதுவாகக் கேட்டது.

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"தப்பக் கண்டுபிடிச்சது என் பொண்ணு," என்றார் அவர். அவளை அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. "எண்ணினது நான். ஒண்ணரை நாள் உக்காந்து, இந்தக் கையால எண்ணினேன். என் ரேடாரத் தோக்கடிக்க எனக்கு என்ன ஆசையா? சந்தேகம் இருக்கிறவங்க எங்கிட்ட கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. தலைமை விமானி மட்டும், "கூவாம பாக்கறதுக்கும் ஒண்ணு இருந்தா எங்களுக்கு நல்லதுதாங்க. உயிரு எங்களுதாச்சே," என்றார். சென்சார் பிரிவு இன்னும் ஒரு வருடம் தொடரட்டும், மேகப் பிரச்சினையைப் பார்க்கட்டும் என்று முடிவானது. பலகையிலிருந்த பொம்மையை யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். ஆனால் அவள் கடந்து போனபோது தேநீர் மேசையில் பேச்சு சட்டென்று நின்றது. அது கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் வாசலில் அவள் குனியப் போனபோது கணவன் கையைப் பிடித்தான்.

"செருப்பக் கழட்டாத. ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் பேசலாம்ல?"

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

"உனக்குத்தான் கெட்ட பேரு," என்றான்.

"ஒரு வருஷம் இருக்கே. அதுக்குள்ள வேற யாராவது மாட்டுவாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பஸ்ஸெல்லாம் விசாரிச்சீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ மூணு நாளா டிபன் பாக்ஸ அப்படியே திருப்பிக் கொண்டு வர்ற. கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போது சுவரப் பிடிக்கிற. நானும் ஒண்ணும் கேக்கலையே."

"எல்லாம் பாத்திருக்கீங்க!"

"நாங்க கூவ மாட்டோம். பாத்துட்டே இருப்போம்."

"நல்லாத்தான் பாத்தீங்க. பக்கத்துல இருக்கிறவ எவ்வளவு தூரம் போயிட்டான்னு மட்டும் தெரியல," என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "அதுக்கு ஒரு வார்த்தை வாயத் திறந்து கேக்கணும்."

அவன் யோசித்தான். பிறகு, அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத உரத்த குரலில், "பசிக்குதாடி உனக்கு?" என்று கூவினான்.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. "பசிக்காம என்ன? ரெண்டு பேரும் செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க!" என்றாள் அத்தை.