ஒன்பது வாசல் கட்டடம்

'ஊழியரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதித் தரச் சொன்னான் திட்டத் தலைவன் ப்ளாமென். வெலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளவ்திவ் நகர ஆம்புலன்ஸ் அறையின் மென்பொருளை மூன்று குழுக்கள் தனித்தனி மாட்யூலாக எழுதின. மூன்றையும் ஒரே திரையில் பொருத்தும் விண்டோக்களை வடிவமைத்தவள் வெலினா. போன செவ்வாய்க்கிழமை, அங்கே போன் எடுக்கும் யோர்தாங்காவுக்கு வந்த அழைப்புக்கு வண்டி சரியான கட்டடத்துக்குத்தான் போனது. ஆளுக்கொரு எழுத்துப் போட்ட ஒன்பது வாசலில் எந்த வாசல் என்று தெரியாமல் பதினோரு நிமிடம் அலைந்தது. நோயாளி இறந்துபோனார். இப்போது யோர்தாங்காவின் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறார்கள்.

"வாசல் எழுத்த அவங்க அடிக்கல. அவ்ளோதான் விஷயம்" என்றான் ப்ளாமென், சீஸ் வைத்த பனிட்சாவை மென்றபடி.

"அடிச்சேன் தம்பி. எங்க போச்சுன்னு உன் மெஷினக் கேளு" என்றாள் யோர்தாங்கா.

வெலினா ஆம்புலன்ஸ் அறையின் பயிற்சித் திரையைத் திறந்தாள். "அக்கா, நீங்க உக்காருங்க. ப்ளாமென், உன் வீட்டு விலாசத்தச் சொல்லு."

"முந்நூத்திப் பதினெட்டாம் பிளாக், 'கெ' வாசல், ஆறாவது மாடி."

"தெருப் பேரு?"

"அது எவனுக்குத் தெரியும்? இங்க எல்லாருக்கும் பிளாக் நம்பர்தான்."

"விலாச விண்டோ அதத்தானே முதல்ல கேக்குது! குடுக்காம நகர விடுதா?"

யோர்தாங்கா வழக்கம்போல் தெருப் பெயர்க் கட்டத்தில் வெறும் புள்ளி ஒன்றை வைத்துவிட்டு பிளாக் எண்ணை அடித்தாள். உடனே வண்டி மாட்யூலின் விண்டோ முன்னால் வந்து நின்றது. விசைப்பலகையைப் பார்த்தபடி அவள் அடித்த 'கெ' அதன் தேடல் கட்டத்தில் போய் விழுந்தது. விலாசத்தில் வாசல் காலியாகவே கிடந்தது.

"வண்டி கெளம்பிருச்சு, உன் வீட்டுக்குத்தான்" என்றாள் யோர்தாங்கா. "எந்த வாசல்ல வந்து தட்டுறது?"

ப்ளாமென் பனிட்சாவை மேசையில் போட்டான். "இத இப்படிக் குதிக்க விட்டது யாரு?" என்று கத்தினான்.

வெலினாவின் கோபம் அவள் மேலேயே திரும்பியது. மார்ச்சில் வண்டிக் குழு 'எங்க விண்டோதான் மேல வரணும்' என்று நச்சரித்தபோது, தொல்லை விட்டால் போதும் என்று சம்மதித்தவள் அவள்தான்.

"நான்தான்" என்றாள். அறிக்கையில் யோர்தாங்காவின் பெயரை அழித்துத் தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.

யோர்தாங்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"பேர அப்புறம் எழுதிக்கடி. முதல்ல அந்த விண்டோவ எறக்கு. பக்கத்து மேசையில போன் அடிக்குது, காதுல விழலயா?"