ஒரு நிமிஷம்ப்பா

"இனிமே இந்த ஊசி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்று மிலேனா கிழவரின் சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டாள். வீட்டுக்கே வந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் போட்டுவந்த ஊசிகளில் மீந்தவை பெட்டியோடு மேசைமேல் கிடந்தன.

ஃபோல்க்மார் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டும் நடுநடுவே நின்றும் வந்தது. "கையப் பிடிச்சிட்டு உக்காருடா, சூப்பை எறக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா எல்ஃப்ரீட சமையலறைக்குப் போயிருந்தாள்.

"இது எங்க மெஷின்ல ரொப்பினதாக்கூட இருக்கும்," என்றான்.

"நீங்க மருந்துக் கம்பெனியா?"

"மருந்தை ஊசியில ரொப்பி மூடற மெஷின் செய்யறோம். க்ரைல்ஸ்ஹைம் ஊர்ல எங்க ஃபாக்டரி, அங்கேர்ந்து உலகம் பூரா போகுது."

மிலேனா மரியாதைக்குத் தலையசைத்தாள். அது அவனுக்குப் போதுமாயிருந்தது.

"கண்ணாடிக் குழாய் எல்லாம் தட்டுத் தட்டா வரும். முனை கீழ பாத்து நிக்கும். மனுஷக் கையே படாது. மருந்து ரொப்பினதும் பின்பக்கம் ரப்பர் மூடி. சும்மா அழுத்தினா உள்ள காத்து மாட்டிக்கும் இல்லியா? அதனால மொதல்ல காத்தை உறிஞ்சிடும்..."

"ஃபோல்க்மார்."

நேற்றிலிருந்து வாய் திறக்காத அப்பா கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாகத்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம்ப்பா." விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நர்ஸின் பக்கமே திரும்பினான். "அப்புறம் காத்தைத் திறந்துவிட்டா, அந்தக் காத்தே மூடியை உள்ள தள்ளிடும். எவ்வளவு நேர்த்தி பாருங்க."

மிலேனா ஊசியைப் பார்க்கவில்லை. குனிந்து கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்தபடியே இருந்தாள். பிறகு எழுந்து போய், இறந்தவர் வீட்டில் உயிர் வெளியேற வழிவிடுவதுபோல, ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

எல்ஃப்ரீட கரண்டியோடு ஓடிவந்தாள். கட்டிலைப் பார்த்ததும் கரண்டி கையிலிருந்து நழுவியது. கொஞ்சநேரம் அழுதபின் கேட்டாள்:

"ஏதாவது சொன்னாராடா?"

"இல்லக்கா. தூங்கிட்டே இருந்தாரு."

மிலேனா ஜன்னலிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். "டாக்டருக்குப் போன் பண்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அடுப்படி வரைக்கும் உன் குரல் கேட்டுது," என்றாள் அக்கா. "அவர்கிட்ட பேசிட்டே இருந்தே. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது." அவனுடைய வலது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இடது கை ஊசியோடு பாக்கெட்டுக்குள் இருந்தது.

பிறகு அவள் நடையில் நின்று உறவினர்களுக்குப் போன் செய்தாள். "ஃபோல்க்மார்தான் பக்கத்துல இருந்தான். பேசிப் பேசியே வழியனுப்பி வச்சான்." அடுத்தவரிடமும் அதையே சொன்னாள். கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், சவவண்டி வரப் பாதை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மண்வாரியோடு வெளியே வந்தான்.

வாசற்படியிலிருந்து தெருவரை குவிந்துகிடந்த பனியை வாரித் தள்ளினான். அங்கே நிற்கவில்லை. வேலியைத் தாண்டி அடுத்த வீட்டின் முன்னால் வாரத் தொடங்கினான்.

"தம்பி, அது எங்க பக்கம்ப்பா," என்றார் பக்கத்து வீட்டு ப்யோக்லெ, கதவைப் பாதி திறந்து. "விடு, நான் பாத்துக்கறேன். நீ உள்ள போ, அக்கா தனியா இருப்பா."

அவன் தலை நிமிரவில்லை. அவர் வாசலை முடித்துவிட்டு அதற்கடுத்த வீட்டுக்கு நகர்ந்தான்.