வாசலுக்கு வராத கம்பம்

உலகத்தில் கம்பியை நம்பிக் கெட்டவர்கள் உண்டு, உருப்பட்டவர்கள் இல்லை. இது என் சித்தப்பா பல் துலக்கும்போது கண்டடைந்த உண்மை. வாயில் நுரை இருந்ததால் யாரும் அருகில் போய் மறுக்கவில்லை.

அடிவாரத்தோடு நின்றிருந்த இணையம் மலைமேல் எங்கள் ஊருக்கும் வந்த வாரம் அது. கேபிள்காரர்கள் சாலையோரம் கம்பம் நட்டுக்கொண்டே வந்தார்கள். ஒன்று சித்தப்பா வீட்டு வாசலில் வர வேண்டியது.

"வீட்டு மூஞ்சியில குச்சி சொருகின மாதிரி இருக்கும். வேற எடம் பாருங்க" என்றார் சித்தப்பா.

வேறு இடம் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவர்கள் எதிர்ப்பக்கக் கம்பத்திலிருந்து சாலைக்குக் குறுக்கே கேபிளை இழுத்து, சித்தப்பா வீட்டு ஓட்டு விளிம்பில் கட்டி, அங்கிருந்து பக்கத்துத் தையற்காரருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இணைப்பு கேட்டவர் சித்தி. சித்தியின் முடிவுகளில் சித்தப்பா உண்மை எதையும் கண்டடைவதில்லை.

கேபிள் நடுச்சாலையில் தொங்கியது. லோடு லாரி வந்தால் அறுந்துவிடும். ஆரன் கேட்டதும் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, கவட்டைக் கம்பால் கேபிளை உயர்த்திப் பிடிப்பார்.

"என்னய்யா, இன்டர்நெட்டுக்குக் கால் வலிக்குதாமா? எந்நேரமும் தூக்கிக்கிட்டே திரியிற?"

"நீங்க ஒரு கம்பத்துக்கு எடம் விட்டிருந்தா நான் ஏண்ணே இப்படி நிக்கிறேன்?"

"மானமுள்ளவன் ஒயருக்கு முட்டுக் குடுக்க மாட்டான்டா" என்று சித்தப்பா என்னிடம் சொன்னார், தையற்காரருக்குக் கேட்கும்படி.

ஒருநாள் சித்தப்பா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வீடியோவில் நேர்காணல். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கிடைக்காவிட்டால் பட்டணத்துக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். "போகட்டும், எனக்கென்ன" என்றவர்தான் அவளுடைய பெட்டியைப் பரணில் விறகுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

அறைக்குள் அக்கா ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் சித்தப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வளைவில் ஆரன் கேட்டது. மர லாரி.

தையற்காரர் வரவில்லை. கடையில் பூட்டு. நூல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். கம்பு மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

"உள்ள போய்த் தண்ணி கொண்டா" என்றார் சித்தப்பா.

"பக்கத்துலயே குடத்துல இருக்கே..."

"போடான்னா போ."

சொம்போடு திரும்பினேன். செய்தித்தாள் படியில் கிடந்தது. கம்பம் வேண்டாம் என்ற அதே இடத்தில், கவட்டைக் கம்பை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கியபடி சித்தப்பா நின்றார். லாரி அடியில் ஊர்ந்தது.

"என்ன பெரிசு, புதுக் கம்பமா?" என்று கத்தினான் டிரைவர்.

ஊரில் ஒருவனையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை சித்தப்பா. இப்போது அறை ஜன்னலைப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் 'சத்தம் போடாதே' என்று தலையை மட்டும் ஆட்டினார்.

லாரி போயிற்று. கம்பு இறங்கவில்லை. வளைவில் அடுத்த ஆரன்.

தண்ணீரை நீட்டினேன். கை காலியில்லை. வாயைத் திறந்து காட்டினார். ஊற்றினேன்.