மேடேறிய மண்

மழை பெய்தால் பள்ளம் ஆழமாகும், மேடாகாது. இது தெரிய ஷைலா எம்.எஸ்சி. படித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் பூம்பாறைக்கு மேலே, அன்னக்கொடியின் பூண்டுத் தோட்டத்தில், போன வாரம் பதினோரு சென்டிமீட்டர் இருந்த பள்ளம் இந்த வாரம் ஏழாகிவிட்டிருந்தது. இடையில் இரண்டு நாள் நல்ல மழை. இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டினாள். ஸ்கேலைத் துடைத்து இறக்கினாள். ஏழுதான்.

மண் அரிப்பு பற்றிய ஓர் ஆய்வில் அவளுக்குத் தற்காலிக வேலை. சரிவான ஆறு தோட்டங்களில் மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போகும் தடங்களின் அகலத்தையும் ஆழத்தையும் வியாழன்தோறும் குறித்து, கொடைக்கானலில் இருந்த அருள்பிரகாஷ் சாருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து தோட்டங்களில் எண்கள் ஒழுங்காக ஏறின. இது மட்டும் நாலு வாரமாக ஏறுவதும் இறங்குவதுமாகப் போக்குக் காட்டியது.

"எந்த ஊர்லம்மா மழை பெஞ்சு பள்ளம் மூடுது?" என்றார் சார் போனில். "ஃபீல்டுக்குப் போறீங்களா, இல்ல வீட்ல உக்காந்து எழுதுறீங்களா?"

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் கையே தப்போ, டேப்பே தப்போ என்று குழம்பினாள். அட்டுவம்பட்டியில் வீட்டு வாசற்படியை இரண்டு டேப் வைத்து மாற்றி மாற்றி அளந்தாள்.

"பூசைக்கு வர்றியா, படியவே அளந்துக்கிட்டு இருக்கப் போறியா?" என்றாள் அம்மா புஷ்பமேரி, ஞாயிற்றுக்கிழமை காலையில்.

முந்தின நாள்தான் கனத்த மழை பெய்திருந்தது. ஷைலா பூசைக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் பூம்பாறை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

தோட்டத்தில் பனிமூட்டத்துக்குள் ஓர் உருவம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அன்னக்கொடிதான். தலையில் ஈரமண் கூடை. கம்பிகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் அதைக் கொட்டி, காலால் அழுத்தி மிதித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?" ஷைலா வரப்பேறி ஓடினாள்.

"யாத்தே, மேடமா! வியாழக்கெழமதான வருவீக?" அன்னக்கொடி சிரித்தாள். "மண்ணு கீழ ஒதுங்கிக் கெடந்துச்சு. மேல கொண்டாந்து போடுறேன்."

"இதத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"கம்பியத்தான சொன்னீக? கம்பி மேல கை படலையே."

உண்மைதான். கம்பியை அசைக்கக் கூடாது என்று மட்டும்தான் ஷைலா சொல்லியிருந்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒவ்வொரு மழைக்கும்தான். பூண்டு வேரு வெளிய தெரிஞ்சா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? வாசல் கூட்டுனத யாராச்சும் சொல்லுவாகளா?"

ஷைலா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் பொய்யா எழுதுறேன்னு நினைக்கிறாங்கக்கா. வேலையே போயிரும் போல இருக்கு."

அன்னக்கொடியின் சிரிப்பு நின்றது. கூடையைக் கீழே வைத்தாள். "போனப் போடுங்க. நான் பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஷைலா கூப்பிட்டாள். அன்னக்கொடி போனை வாயருகே பிடித்துக்கொண்டு, எதிர்மலைக்குக் கேட்கும்படி பேசினாள். "சார், நாந்தான் மூடுனேன். இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லைங்க."

சார் போனை ஷைலாவிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு ஷைலாவிடம் சொன்னார்: "நாலு வார ரீடிங்கயும் அடிச்சிருங்க. இனிமே அந்தம்மா அதத் தொடக்கூடாது. முப்பது சென்டியத் தாண்டுதான்னு பாக்கணும். அதான் நமக்கு முக்கியம்."

மம்மட்டியால் இழுத்து மூடிவிட முடிகிறவரை அது வெறும் தடம். முப்பதைத் தாண்டிவிட்டால் ஓடை. பிறகு ஒவ்வொரு மழையும் அந்த வழியாகத்தான் இறங்கும். ஷைலாவுக்கு அது தெரியும். இருந்தும், "கம்பி நட்ட ஒரு பட்டைய மட்டும் விட்டுருங்கக்கா" என்று கேட்டாள். அன்னக்கொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி தாயி" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பதினாலு. பத்தொன்பது. இருபத்துமூன்று. "இப்பதான் டேட்டா டேட்டா மாதிரி இருக்கு" என்று சார் பாராட்டினார். ஷைலா இரவில் கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து நடந்தாள். ஒரு சாயங்காலம் அன்னக்கொடியே போன் செய்தாள்.

"பெய்யுது தாயி. கையி சும்மா இருக்க மாட்டேங்குது."

"தொட்றாதீங்கக்கா."

"தொடல. சொல்லணும்னு தோணுச்சு."

அடுத்த வியாழக்கிழமை ஷைலா கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. ஸ்கேலை இறக்கினாள். இருபத்தெட்டு. செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பள்ளத்தின் ஓரம் ஒரு கை அகலத்துக்குச் சரிய, நாலு பூண்டுப் பயிர் வேரோடு மிதந்து போயின. மேல் வரப்பில் அன்னக்கொடி நனைந்துகொண்டு நின்றாள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

ஷைலா நோட்டில் இருபத்தெட்டு என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'இன்று இந்தத் தடம் மூடப்பட்டது. மூடியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, இன்னொரு கூடை இருக்கா?"

மழை விட்டதும் இருவரும் ஏறி இறங்கினார்கள். பத்து நடைக்குள் ஷைலாவின் கழுத்து மரத்துவிட்டது. "தலையில இல்ல, இடுப்புல வையி, வழுக்கும்" என்று அன்னக்கொடி அதட்டினாள். வாங்க, போங்க எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது.

நோட்டைப் படித்த சார் கத்தவில்லை. "முப்பதுக்கு இன்னும் ரெண்டு சென்டிதானேம்மா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தத் தோட்டத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். ஷைலாவின் வேலை ஒரு வருஷத்துக்குப் பதில் தை மாதத்தோடு முடிந்தது.

மாசியில் பூண்டு பிடுங்கும்போது ஷைலா கூட இருந்தாள். கம்பி இருந்த பட்டையில் மட்டும் நெல்லிக்காய் அளவுக்குத்தான் பிடித்திருந்தது. அன்னக்கொடி அதைத் தனியாக ஒதுக்கிப் போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது ஷைலாவுக்கு.