நாலை ஐந்தாக்காத புரோகிராமர்

மென்பொருளுக்குப் பதிப்பு எண் வைப்பது எப்படி என்று புரோகிராமர் பதினோரு பக்கத்துக்கு விதி எழுதியிருந்தார். கம்பெனியில் மொத்தமே மூன்று பேர். மற்ற இருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் என்ன, ஊருக்கே சட்டம் எழுதிக் கொடுத்த மிதப்பில்தான் மனிதர் திரிந்தார்.

4.2.1 என்பதுபோல மூன்று எண்கள். பிழை திருத்தினால் கடைசி எண் ஏறும். வாடிக்கையாளர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளலாம். புது வசதி வந்தால் நடு எண். பழையது ஏதாவது உடையும் என்றால்தான் முதல் எண். "முதல் எண்ண மாத்துறவன் வேலை தெரியாதவன் சார். நான் இருக்கற வரைக்கும் நாலு அஞ்சாகாது" என்று முதலாளியிடம் மார்தட்டியும் வைத்திருந்தார். வாய் சும்மா இருந்தால்தானே!

பல் மருத்துவர்கள் நோயாளிகளுக்கு நேரம் குறித்து வைக்கும் மென்பொருள் அது. மூன்றே மாதத்தில் தேதிகளைச் சேமிக்கும் முறையையே அவர் மாற்ற வேண்டி வந்தது. பழைய தேதிகளைத் தனியாக எடுத்து வைக்காமல் புதியதைப் போட்டால் எல்லாம் போய்விடும். அவருடைய விதிப்படியே இது 5.0.0. அரை நாள் உட்கார்ந்து ஐந்து என்று அடித்தார், அழித்தார். கடைசியில் 4.2.7-ஐ 4.2.8 ஆக்கி, எச்சரிக்கையை அதோடு போகும் குறிப்பின் எட்டாவது வரியில் ஒளித்து அனுப்பிவிட்டு, மானம் தப்பியது என்று காப்பி குடிக்கப் போனார்.

மறுநாள் காலை அக்காவின் போன். அக்கா பல் மருத்துவர்; அந்தப் பதினோரு பக்கத்தையும் படித்த ஒரே ஜீவன்.

"டேய், நாப்பது பேரோட தேதியக் காணோம்டா. இன்னைக்கு யாரு வராங்கன்னே தெரியல."

"குறிப்புல போட்டிருந்தேனே அக்கா, பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்? கடைசி நம்பர் மாறினா கண்ண மூடிட்டுப் போடலாம்னு நீதானே எழுதின!"

விதியைச் சீண்டாத மற்ற மருத்துவர்கள் எல்லாரும் குறிப்பைப் படித்துத் தப்பித்துவிட்டார்கள். தம்பியை நம்பிய அக்காதான் மாட்டிக்கொண்டார். தம்பியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே 4.2.8-ஐத் திரும்பப் பெற்று, 5.0.0 என்று போட்டு அனுப்பினார். முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்தார். "நாலோ அஞ்சோ, அதுல என்னய்யா இருக்கு?" என்றார் முதலாளி. அவருக்கு அந்தச் சபதமே நினைவில் இல்லை.

அன்று முழுக்க அக்காவின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், தேதி கேட்டு எழுதினார். கையுறையைக் கழற்றியபடி அக்கா வெளியே வந்தார்.

"அஞ்சு போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா."

"லீவு நாள்ல போட்டுக்கறேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு."

"இந்தத் தடவ நம்பலாம் அக்கா, எண் சரியா இருக்கு."

"உன் பதினோரு பக்கத்த நான் இன்னமும் நம்பறேன்டா. எழுதினவனத்தான் நம்பல."

புரோகிராமர் இருபத்து மூன்றாவது நோயாளிக்குப் போன் போட்டார்.